எல்லாத் தளங்களிலும் இயங்குமா?

முன்னுரை

இன்று கணிப்பொறி புகாத அலுவலகம் அரிது. சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் உரக்கடை, மருந்துக்கடை, நகலெடுக்கும் கடை ஆகிய மூன்றிலும் கணிப்பொறித் திரையைக் காணலாம். ஆயினும் எல்லாத் திரைகளுக்கும் பின்னால் ஒரே இயங்குதளம் இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் விண்டோஸ் இருக்கும். சிலவற்றில் லினக்ஸ் இருக்கும். வசதி படைத்த சிலரிடம் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இருக்கும். ஒரு தளத்துக்கென எழுதப்பட்ட செயலி மற்றொரு தளத்தில் நேராக இயங்காது. ஆகவே, ஒருமுறை எழுதிய செயலியை மூன்றிலும் இயக்குவது எங்ஙனம் என்னும் வினா கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது.

இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே பல்தளச் சட்டகங்கள். 'எங்கும் இயங்கும்' என்பதே அவற்றின் பொதுவான வாக்குறுதி. அந்த 'எங்கும்' என்ற சொல்லுக்குள் லினக்ஸ் அடங்குகிறதா, அடங்கினால் தமிழோடு அடங்குகிறதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸ் நமக்கு எதற்கு?

லினக்ஸின் கருவை 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். உரிமக் கட்டணம் செலுத்த இயலாத அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கும் லினக்ஸுக்கும் உள்ள உறவு புதியதன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை 2007-ஆம் ஆண்டு வெளியிட்டது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் அடிப்படையில் அமைந்த அது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்ற வழி செய்தது. அதே காலப்பகுதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றும் முயற்சியில் ஈடுபட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இடம்பெற்றிருந்தன. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வழியாகவே கணிப்பொறிக் கல்வி நடைபெற்று வருகிறது.

இப்பொழுது மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11, புதிய வகைச் செயலகத்தையும் பாதுகாப்புக்கெனத் தனி வன்பொருள் வசதியையும் கேட்கிறது. பழைய கணிப்பொறிகள் பல, பழுதின்றி உழைத்தாலும் இத்தகுதியைப் பெறவில்லை. அவற்றைத் தூக்கி எறிவதா, லினக்ஸ் ஏற்றி உயிர் கொடுப்பதா? புதிது வாங்க நிதியில்லாத ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் இரண்டாம் வழியே கைகொடுக்கும். ஆனால், அங்கு வேண்டிய செயலிகள் லினக்ஸில் இயங்காவிடில் அவ்வழியும் அடைபட்டுப்போகும். ஆகவே செயலி எழுதுவோன் எந்தச் சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது அவன் ஒருவனைப் பொறுத்த செய்தியன்று.

சட்டகம் என்பது யாது?

திரையில் ஒரு சாளரம், அதனுள் சில பொத்தான்கள், எழுதுவதற்கு ஒரு கட்டம் - இவற்றை வரைய ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கெனத் தனி முறை வைத்திருக்கிறது. 'இங்கு ஒரு பொத்தான் வேண்டும்' என்று நாம் பொதுமொழியில் சொன்னால், அதனை அந்தந்தத் தளத்தின் மொழிக்கு மாற்றித் தரும் இடைத்தரகனே சட்டகம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தவர்களுக்கு ஓர் உவமை கூறலாம். பீங்கான் பொம்மைக்கு அச்சு ஒன்றுதான். எனினும், காயும்பொழுதும் சூளையில் வேகும்பொழுதும் மண் சுருங்கும் என்பதால், அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்வர். மண்ணின் கலவை மாறினால் சுருக்கமும் மாறும். ஒரு கலவைக்குப் பொருந்திய அச்சில் வேறு கலவையை ஊற்றினால், சூளையைத் திறக்கும் நாளில்தான் குறை தெரியும். சட்டகம் அச்சு, இயங்குதளம் மண். அச்சு நன்றாயிருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மண்ணிலும் வார்த்து, சுட்டுப் பார்த்தல் வேண்டும்.

மூவகைச் சட்டகங்கள்

இச்சட்டகங்களை அவை செயற்படும் முறையால் மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகை, அந்தந்தத் தளத்தின் பொத்தான்களையே கடன் வாங்கிப் பயன்படுத்துவது. 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய 'டபிள்யூஎக்ஸ்' இவ்வகையின் மூத்த பிள்ளை. விண்டோஸில் அது விண்டோஸின் பொத்தானைக் காட்டும். லினக்ஸில் ஜிடிகே என்னும் நூலகத்தின் பொத்தானைக் காட்டும். கோப்புகளை இணையவழி அனுப்ப உதவும் ஃபைல்சில்லா இதனால் ஆனதே.

இரண்டாம் வகை, பொத்தானைத் தானே வரைந்துகொள்வது. நார்வே நாட்டில் 1995-இல் வெளியான 'கியூடி' இவ்வகையில் புகழ் பெற்றது. கேடிஇ என்னும் லினக்ஸ் மேசைத்தளம் முழுவதும் கியூடியின் மேல் எழுப்பப்பட்டது. நாம் திரைப்படம் காணப் பயன்படுத்தும் விஎல்சி செயலியின் முகப்பும் இதனாலேயே ஆனது. ஜாவா மொழியின் 'ஸ்விங்', கூகுளின் 'ஃப்ளட்டர்' ஆகியனவும் இவ்வகையினவே. ஃப்ளட்டரின் லினக்ஸ் ஆதரவு 2022 மே மாதம் வெளியான மூன்றாம் பதிப்பில் நிலைபெற்றது. உபுண்டு லினக்ஸை நிறுவும் செயலியே இன்று ஃப்ளட்டரில் எழுதப்படுகிறது.

மூன்றாம் வகை, இணைய உலாவியைச் செயலிக்குள் அமர்த்துவது. 2013-இல் 'ஆட்டம்' என்னும் பதிப்பிக்காகக் கிட்ஹப் நிறுவனம் உருவாக்கிய கருவியே பின்னர் 'எலக்ட்ரான்' எனப் பெயர் பெற்றது. ஆட்டம் 2022-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டது, எலக்ட்ரானோ வளர்ந்துவிட்டது. நம்மில் பலர் நிரல் எழுதப் பயன்படுத்தும் விஎஸ் கோட் செயலி எலக்ட்ரானில் ஆனதே. குரோமியம் உலாவி முழுவதையும் ஒவ்வொரு செயலியும் தன்னுடன் சுமந்து வருவதால் மூன்று தளங்களிலும் தோற்றம் மாறுவதில்லை. ஆனால், மிகச் சிறிய செயலியும் நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. இச்சுமையைக் குறைக்க வந்த 'தாவ்ரி' 2022 ஜூன் மாதம் முதற்பதிப்புக் கண்டது. அது உலாவியைச் சுமப்பதில்லை. தளத்தில் ஏற்கெனவே உள்ள உலாவிப் பொறியைப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே அளவு சில மெகாபைட்டுகளில் அடங்கும். எனினும் விண்டோஸில் ஒரு பொறி, லினக்ஸில் வேறொரு பொறி என்று அமைவதால், இரண்டிலும் தனித்தனியே சோதிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'பல்தளம்' என்ற பெயர் தாங்கியும் லினக்ஸை விட்டுவிட்ட சட்டகங்கள் உண்டு. மைக்ரோசாப்ட் 2022-இல் வெளியிட்ட 'டாட்நெட் மாவி', ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், மேக், விண்டோஸ் ஆகிய நான்கு தளங்களுக்கு உரியது. அந்நிறுவனம் நேரடியாக ஆதரிக்கும் பட்டியலில் லினக்ஸ் மேசைத்தளம் இடம்பெறவில்லை. அதே டாட்நெட் மொழியில் எழுத விரும்புவோர்க்கு, லினக்ஸையும் ஏற்கும் 'அவலோனியா' என்னும் சட்டகம் உள்ளது. விளம்பரத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு இறங்குவோர், பாதி வழியில்தான் பாலம் இல்லை என்பதைக் காண்பர்.

உரிமத்தின் வரலாறு

தொழில்நுட்பம் மட்டுமன்று, உரிமமும் லினக்ஸ் உலகில் பெரும்பங்கு வகிக்கிறது. கேடிஇ திட்டம் 1996-இல் தொடங்கியபொழுது கியூடியின் உரிமம் முழுமையான கட்டற்ற உரிமமாக இருக்கவில்லை. இக்குறையே 1997-இல் ஜிடிகேயை அடிப்படையாகக் கொண்டு ஜினோம் திட்டம் எழக் காரணமாயிற்று. 2000-ஆம் ஆண்டு கியூடி கட்டற்ற உரிமம் ஒன்றை ஏற்றது. 2009-இல் இன்னும் தளர்வான உரிமமும் சேர்ந்தது. இன்று லினக்ஸில் கியூடி, ஜிடிகே என இரு பெருங்குடும்பங்கள் இருப்பதற்கு வேர் இந்த உரிமச் சிக்கலே. சட்டகத்தைத் தேர்பவர் அதன் உரிமத்தைப் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

சேத்தியாத்தோப்பு என்னும் சோதனைச் சொல்

எங்கள் துறை நூலகத்துக்குப் பதிவேட்டுச் செயலி ஒன்று எழுதும் பணியை மூன்றாம் ஆண்டு மாணவர் நால்வர் ஏற்றோம். நூற்பெயரும் மாணவர் பெயரும் ஊர்ப்பெயரும் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. கிடைத்த கணிப்பொறிகளுள் இரண்டில் விண்டோஸ். ஒன்று நான்கு கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய பொறி, அதில் லினக்ஸ். எனவே, வேலையைத் தொடங்குமுன் சட்டகங்களைச் சோதிக்க முடிவு செய்தோம். சோதனைச் சொல்லாக நான் பரிந்துரைத்தது என் ஊரின் பெயர்.

காரணம் இல்லாமல் அன்று. 'சேத்தியாத்தோப்பு' என்பதில் சே, த், தி, யா, த், தோ, ப், பு என எட்டு எழுத்துகள் உள்ளன. ஆனால், ஒருங்குறி முறையில் கணிப்பொறி இதனைப் பதினாறு குறிகளாகச் சேமிக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு குறிகள். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வீதம் மொத்தம் நாற்பத்தெட்டு பைட். 'பெயர்க் கட்டத்தில் பத்து எழுத்து போதும்' என்று குறிகளை எண்ணும் செயலியில், எட்டெழுத்துள்ள எங்கள் ஊர் பாதியில் அறுபட்டு நிற்கும்.

மற்றொன்று வரிசை. 'சே' என்பதில் சகரம் முதலிலும் ஏகாரக் குறி அடுத்தும் நினைவகத்தில் நிற்கும். திரையிலோ இரட்டைக்கொம்பு முன்னே வரவேண்டும். 'தோ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னும் கால் பின்னும் அமையவேண்டும். 'பு' என்பதில் எழுத்தின் வடிவமே மாறவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தலைமேல் ஏறவேண்டும். இப்படி ஒழுங்குபடுத்தும் பணியைச் செய்ய 'ஹார்ஃப்பஸ்' என்னும் கட்டற்ற நூலகம் உள்ளது. கியூடி, ஜிடிகே, குரோமியம், ஃப்ளட்டர் ஆகிய அனைத்தும் இதனைப் பயன்படுத்துகின்றன. ஜாவாவும் 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் இதற்கு மாறியது. ஆகவே இவற்றில் எங்கள் ஊர்ப்பெயர் பிழையின்றித் தோன்றியது.

பைத்தான் மொழியுடன் இணைந்து வரும் 'டீகே' சட்டகத்தின் நிலை வேறு. கற்பதற்கு அது மிக எளிது. நம் பாடத்திட்டத்திலும் அதனைக் காணலாம். விண்டோஸில் டீகே அத்தளத்தின் எழுத்துச் சேவையைப் பயன்படுத்திக்கொள்வதால் தமிழ் சரியாகவே தெரியும். லினக்ஸிலோ, 8.6-ஆம் பதிப்பு வரை, குறிகளை வந்த வரிசையிலேயே எடுத்து வைக்கும் நூலகத்தை அது சார்ந்திருந்தது. எங்கள் பழைய பொறியில் இருந்ததும் அப்பதிப்பே. சகரத்தை விட்டு நீங்கிய கொம்பு அடுத்த தகரத்தின் முன் போய் ஒட்டிக்கொள்ள, ஊர்ப்பெயர் படிக்க முடியாதபடி சிதறியது. ஒரே நிரல், ஒரே தரவு, ஒரு தளத்தில் நல்ல தமிழ், மற்றொன்றில் உடைந்த தமிழ். விண்டோஸில் மட்டும் சோதித்து வெளியிடுவோர்க்கு இக்குறை கண்ணிலேயே படாது.

தட்டச்சு

திரையில் தெரிவது பாதி. விசைப்பலகையால் உள்ளிடுவது மறுபாதி. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகப் பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. லினக்ஸில் 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டு ஏற்பாட்டின் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். ஆயின், சட்டகம் அந்த ஏற்பாட்டோடு பேசத் தெரிந்திருக்கவேண்டும். கியூடி செயலியைத் தனிப்பொதியாகக் கட்டும்பொழுது உள்ளீட்டுக்குரிய இணைப்பை விட்டுவிட்டால், தமிழ் தெரியும். தமிழில் தட்டச்சு செய்ய இயலாது. லினக்ஸ் திரை அமைப்பு, பழைய எக்ஸ்11 முறையிலிருந்து வேலண்ட் முறைக்கு மாறி வருவதால், ஒன்றில் சரியாக இயங்கும் உள்ளீடு மற்றொன்றில் தடைபடுவதும் உண்டு. ஆகவே இரண்டிலும் தட்டச்சு செய்து பார்த்தல் நலம்.

நிறுவுவதில் எழும் இடர்

விண்டோஸுக்கு ஒரு நிறுவல் கோப்புப் போதும். லினக்ஸில் டெபியன் வழியினர்க்கு ஒரு பொதி, ரெட்ஹேட் வழியினர்க்கு வேறொரு பொதி. இவற்றுக்குப் பொதுவாக ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் ஆகிய வழிகள் உள்ளன. இணைய வசதி குறைந்த நம் சூழலில், ஒரே கோப்பாக விரலியில் எடுத்துச் செல்லத்தக்க ஆப்இமேஜ் எளிது எனலாம்.

மேலும் இரு நுணுக்கங்களைக் கருத்திற் கொள்ளவேண்டும். புதிய லினக்ஸில் கட்டிய செயலி, அடிப்படை நூலகத்தின் பதிப்பு வேறுபாட்டால் பழைய லினக்ஸில் இயங்க மறுக்கலாம். பழைய பொறியில் கட்டினால் இரண்டிலும் பெரும்பாலும் இயங்கும். அடுத்து, ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே. லினக்ஸுக்கோ வேறு வேறு. நிரலில் ஒரு பெயரும் வட்டில் ஒரு பெயருமாக எழுதிவைத்தால், விண்டோஸில் திறக்கும் கோப்பு லினக்ஸில் 'இல்லை' என்று வரும்.

எங்கள் தேர்வு

இவையனைத்தையும் எண்ணிப் பார்த்து, பைத்தான் வழியாகக் கியூடியைத் தேர்ந்தெடுத்தோம். எலக்ட்ரானிலும் தமிழ் குறைவின்றித் தெரிந்தது. ஆனால் நான்கு கிகாபைட் நினைவகத்தில், உலாவியும் திறந்திருக்கும்பொழுது, பொறி திணறியது. புத்தம்புதிய கணிப்பொறி உடையோர்க்கு எலக்ட்ரான் தகுதியற்றது என்று இதனால் கொள்ளலாகாது. தேர்வு, பயன்படுத்துவோரின் பொறியைப் பொறுத்தது. எங்கள் பதிவேடு இப்பொழுது மூன்று கணிப்பொறிகளிலும் இயங்குகிறது. மாணவர் பெயரும் ஊரும் மூன்றிலும் ஒரே வடிவில் தோன்றுகின்றன.

மாணவ நண்பர்கள் தங்கள் திட்டப்பணிக்குச் சட்டகம் தேரும் முன், பின்வரும் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நன்று.

1. சட்டகத்தை ஆக்கியோரே லினக்ஸை ஆதரிக்கின்றனரா, அன்றிப் பிறர் முயற்சியை நம்பியிருக்கிறதா?

2. கொம்பும் காலும் புள்ளியும் உடைய தமிழ்ச் சொல் லினக்ஸ் திரையில் சிதையாமல் தெரிகிறதா?

3. தமிழ்99 விசைப்பலகையில் அச்சொல்லைத் தட்டச்சு செய்யவும், நடுவில் திருத்தவும் இயலுகிறதா?

4. பயன்படுத்துவோரிடம் உள்ள பழைய பொறியின் நினைவகம் அதனைத் தாங்குமா?

5. உரிமம், நாம் ஆக்கியதைப் பிறருக்கு வழங்க இடம் தருகிறதா?

இவ்வைந்தையும் சோதிக்கப் பெரிய செயலி வேண்டியதில்லை. ஒரு சாளரம், ஒரு கட்டம், ஓர் ஊர்ப்பெயர் இருந்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். விருத்தாசலம், கொளஞ்சியப்பர், வெள்ளாறு என நம் வட்டாரப் பெயர்களே இதற்குப் போதிய கருவிகள்.

முடிவுரை

எந்தத் தளத்தில் எழுதினாலும் நிரல் நிரலே என்று கருதுவோர் உளர். மேலே கண்டவை அக்கருத்து பொருந்தாது என்பதைத் தெளிவாக்கும். லினக்ஸை ஏற்காத சட்டகத்தில் எழுதப்பட்ட செயலி, விண்டோஸ் வாங்க இயலாதவரிடம் 'உனக்கு இல்லை' என்று சொல்லாமற் சொல்கிறது. தமிழை உடைத்துக் காட்டும் செயலியோ, தன் பெயரைத் தன் மொழியில் எழுத விரும்புவோனை ஆங்கிலத்துக்குத் துரத்துகிறது. இவை வேண்டுமென்று செய்யப்படுபவை அல்ல. ஒருவரும் சோதித்துப் பாராமையால் நேர்பவை.

ஊராட்சி நூலகத்துக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், பள்ளிக்கும் நாளை செயலி எழுதப்போகிறவர்கள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்பவர்களே. அவர்கள் திட்டப்பணிக்கு மதிப்பெண் வழங்கும்பொழுது, 'இதனை லினக்ஸில் இயக்கிக் காட்டுக. அதில் உன் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுக' என்று பேராசிரியப் பெருமக்கள் ஒரு வார்த்தை கேட்பார்களாயின், இக்கட்டுரை நாடும் பயன் முழுவதும் கிடைத்துவிடும்.